இரவல் பெட்டி

எஸ்தரின் குஞ்சு பொரிக்கும் பெட்டி பழுதானதால், கோழி வளர்ப்போர் சங்கத் தலைவர் தணிகாசலம் தன்னுடையதைப் பெருந்தன்மையோடு இரவல் தந்தார். இருபத்தோரு நாளும் அது சொந்தக்காரர் குரலில் முட்டைகளோடு பேசும். பொரிந்த குஞ்சுகள் அந்தக் குரலுக்குத்தான் வரும். குரலை மாற்ற எஸ்தர் மறந்துவிட்டாள்.

இப்போது கொல்லைக்கு மேலே பருந்து வட்டமிட்டது. தொண்டை கிழியக் கூப்பிட்டும் பதினொரு குஞ்சுகளில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. தலைவருக்கு போன் போட்டுத் தரையில் வைத்தாள்.

"தலைவரே, ஸ்பீக்கர்ல இருக்கீங்க. ஏதாவது பேசுங்க."

"நானா? என்ன தலைப்பும்மா?"

"எதுன்னாலும் சரி, சீக்கிரம்."

"பேரன்புமிக்க பெரியோர்களே, தாய்மார்களே..."

பதினொன்றும் விழுந்தடித்து ஓடிவந்து போனை மொய்த்தன. எஸ்தர் பஞ்சாரக் கூடையை அப்படியே கவிழ்த்தாள்.

"போதும் தலைவரே."

"இன்னும் முன்னுரையே முடியலையேம்மா," என்றது கூடை.

நாற்பது வருஷப் பொதுவாழ்வில் அவர் பேச்சைக் கேட்க ஓடிவந்த முதல் கூட்டம் அது. கலைந்துபோகவும் அதற்கு வழியில்லை.