வாசலுக்கு வாசல்

"விளம்பரம் எழுதின வண்டி தெருவுல ஒரே இடத்துல ஒரு மணி நேரத்துக்கு மேல நின்னா பர்மிட் காலி!" என்று டிரைவரை மிரட்டிவிட்டுப் போனார் நகராட்சி அதிகாரி. அந்த வேன்தான் வீட்டில் நாலு பேருக்குச் சோறு. தன் வீட்டு வாசலிலிருந்து எடுத்து, மணிக்கொரு தரம் அதை நகர்த்தத் தொடங்கினான்.

முதல் வாசலிலேயே ஓர் அம்மா பாய்ந்து வந்தாள்.

"உனக்கு நான் என்ன பாவம் பண்ணேன்? எடுடா வண்டியை!"

"ஒரு மணி நேரம்தான்க்கா."

"ஒரு நிமிஷம்கூட ஆகாது!"

அடுத்த வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பி, தெருக்கோடி வீட்டு வாசலில் நிறுத்தினான். கதவைத் திறந்தவர் அதே அதிகாரி. போச்சு, பர்மிட் போச்சு.

"யோவ்! உள்ள மாமனார் காய்ச்சல்ல கிடக்கறார். ஜன்னல் வழியா உன் வண்டியைப் பார்த்துட்டு, 'மாப்ளே, அதுக்குள்ள சொல்லி அனுப்பிட்டீங்களா'ன்னு அழறார்!"

"ரூலு நீங்கதானே சார் சொன்னீங்க..."

"ரூலு கிடக்குது! உன் வீட்டு வாசல்லயே நிறுத்திக்கோ, வருஷம் பூரா!"

டிரைவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ரிவர்ஸ் எடுத்த வேனின் பக்கவாட்டு எழுத்து தெரு முழுவதற்கும் தெரிந்தது:

'அமரர் ஊர்தி. ஒரு போன் போதும். உங்கள் வாசலுக்கே வருவோம்.'