மூன்று உயிர்

“சுரங்கத்துல இருக்கற பத்து சாவியையும் எடுத்துக்கினு, காத்து தீர்றதுக்குள்ள மேல வரணுங்க. மொத்தம் மூணு உசிரு,” என்றான் பூபாலன், டி.வி.யோடு இணைத்திருந்த பழைய கம்ப்யூட்டரில் வீடியோ கேம் ஆடியபடி. பக்கத்து நாற்காலியில் சுகன்யா பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது சாவிக்குத் தாவிய சுரங்கக்காரன் பள்ளத்தில் விழுந்தான்.

“எல்லாம் அப்பாவோட தறி சத்தத்தால வந்தது,” என்றான் பூபாலன்.

அவனுடைய அம்மா காபி கொண்டுவந்து வைத்தபோது அடுத்த உயிர் போனது.

“ஏம்மா நடுவுல வந்து பேஜார் பண்ற?”

“நான் ஒரு தடவை ஆடிப் பாக்கட்டுங்களா?” என்றாள் சுகன்யா.

“பொம்பளைங்களுக்கு இதெல்லாம் வராதுங்க.”

சொல்லி முடிப்பதற்குள் கடைசி உயிரும் போனது.

“உங்க வளையல் சத்தம்தாங்க!”

சுகன்யா எழுந்து கூடத்துக்கு வந்தாள். மாப்பிள்ளை வீடு பார்க்க வந்திருந்த உறவினர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

“தனியா பேசிட்டியாம்மா? தட்டு மாத்திக்கலாமா?” என்று கேட்டார் அவளுடைய அப்பா.

“வேணாம்பா. அவருக்கு மூணு உசிரு குடுத்தாங்க. தறி, காபி, வளையல்னு பழி போட்டு மூணையும் கால் மணி நேரத்துல தொலைச்சிட்டாரு. என்கிட்ட இருக்கறது ஒண்ணுதான்.”