யாரோ ஒரு கை

"எந்த மடையன்டா இந்தப் படத்தையெல்லாம் இப்படி வெட்டி வெச்சது?"

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவன் எரிந்து விழுந்தான்.

"நான்தாண்ணா" என்றான் சின்னவன். அவன் கட்டிலில் உட்கார்ந்து அம்மாவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் அம்மாவுக்கு நினைவுக் கூட்டம். சொந்தபந்தம் எல்லாம் வருகிறது. அம்மாவின் கடைசி நாலு வருஷப் படங்களைத் திரையில் ஓட்டலாம் என்பது பெரியவன் யோசனை. படங்கள் எல்லாம் சின்னவன் மனைவி ஃபோனில் எடுத்தவை. கம்ப்யூட்டரில் ஒரே குப்பையாகக் கொட்டிக் கிடந்தன. மாத்திரை அட்டை, பூனை, கரண்ட் பில், கை ஆடி மங்கலாக விழுந்த சுவர், நடுநடுவே அம்மா.

பெரியவனுக்கு ஒழுங்கு என்றால் உயிர். வெளியூரில் பெரிய வேலை. அம்மாவுக்கு ஃபோன் பண்ணுவதுகூட ஞாயிற்றுக்கிழமை, பத்து நிமிஷம் என்று ஒழுங்காகத்தான் பண்ணுவான். நேரில் வருவதில்தான் அந்த ஒழுங்கைப் பார்க்க முடியாது.

காலையிலிருந்து வருஷவாரியாகப் பிரித்தான். ஒன்று போலவே இருந்தவற்றைக் கழித்தான். பூனையைத் தனியாக ஒதுக்கினான். ஒருவழியாக அம்மா மட்டும் மிஞ்சினாள். நாற்காலியில், ஆஸ்பத்திரி வராந்தாவில், பிறகு கட்டிலில். படத்துக்குப் படம் இளைத்துக்கொண்டே போனாள். தேதிப்படி அடுக்கினால் இப்படி ஒரு கஷ்டம் இருக்கிறது என்று அவனுக்கு முன்னால் தெரிந்திருக்கவில்லை. அந்த வயிற்றெரிச்சலை யார் மேலாவது கொட்ட வேண்டியிருந்தது.

"இங்க பாரு. பாதி நெத்தி போச்சு. இதுல தோள் மேல ஒரு கை. இதுல டம்ளரைப் புடிச்சுக்கிட்டு ஒரு கை. கைக்கு உடம்பே கிடையாதா? யார் கைடா இது, ஆள் போட்டிருந்தியா?"

"யாரோ ஒரு கை. விடுண்ணா. அம்மா தெரியறாங்கல்ல, அது போதும்."

"வெட்டறதுக்கும் ஒரு அறிவு வேணும்."



கடைசிப் படமாக அம்மாவும் தானும் இருப்பது ஒன்றைப் போடலாம் என்று பெரியவன் தன் முகத்தைத் தேடினான். கம்ப்யூட்டர் ரொம்ப யோசித்து ஒரே ஒரு படத்தைக் காட்டியது. அவன் புதுக் கார் வாங்கியபோது எடுத்தது. அதில் அம்மாவைவிடக் கார்தான் பளிச்சென்று இருந்தது.

அடுத்து தம்பியின் முகத்தைத் தேடினான். ஒன்றுகூட இல்லை.

"நானாவது தூரத்துல இருக்கேன்" என்றான், கொஞ்சம் தெம்பு வந்தவனாக. "ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, அம்மா பக்கத்துல நின்னு ஒரு படம் எடுத்துக்க உனக்கு நேரம் கிடைக்கல. நல்லா பார்த்துக்கிட்டேடா."

சின்னவன் அடுத்த துணியை எடுத்து மடித்தான்.

அந்த நேரம் பார்த்து மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் ஒரே அண்ணன். முழங்கால் வலியால் நாலைந்து வருஷமாக அவர் எங்கேயும் போவதில்லை. தங்கையோடு எல்லாம் ஃபோனில்தான். மூச்சு வாங்க உட்கார்ந்தவர், திரையில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளரும் கையும்.

"அது உன் கைதானேப்பா?" என்று பெரியவனிடம் கேட்டார்.

பெரியவன் விழித்தான்.

"தங்கச்சி சொல்லாத நாள் கிடையாது. 'மூத்தவன் வாரம் தவறாம ஓடி வந்துடறாண்ணா, சாப்பாடுகூட அவன்தான் ஊட்டி விடறான்'னு. நீ நல்லா இருப்பே." கண்ணைத் துடைத்துக்கொண்டு சின்னவன் பக்கம் திரும்பினார். "உன்னைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்ல. கூடவே இருந்து நீ என்னதான் கிழிச்சே?"

பெரியவன் தம்பியைப் பார்த்தான்.

"உள்ள வந்து முகம் கழுவிக்கோங்க மாமா" என்று சின்னவன் அவர் கையைப் பிடித்து மெதுவாக அழைத்துப் போனான்.

பெரியவன் தனியாகத் திரையைப் பார்த்தான். இப்படி வெட்டிய படங்களில் ஒரு வசதி உண்டு. அசல் அழிவதில்லை. ஒரு பட்டனைத் தட்டினால் வெட்டிப் போட்டது திரும்பி வந்துவிடும்.

தட்டினான். படம் பக்கவாட்டில் விரிந்தது.

கட்டில் விளிம்பில் சின்னவன். வேலைக்குப் போகிற சட்டை, மழிக்காத தாடி, தூக்கம் காணாத கண். டம்ளரை அம்மாவின் வாயருகே பிடித்துக்கொண்டிருந்தான்.

அடுத்ததைத் தட்டினான். அம்மாவுக்குத் தலை வாரிவிடும் சின்னவன். அதற்கடுத்தது. அம்மாவை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கும் சின்னவன். எதைத் தட்டினாலும் அவன்தான் வந்தான். பெரியவனுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாகவும் இருந்தது.

சின்னவன் திரும்பி வந்து திரையைப் பார்த்தான். முகம் மாறவில்லை.

"எல்லாத்தையும் பழையபடி வெட்டிடுண்ணா. நேரமாகுது."

"டேய்..." பெரியவன் நாற்காலியை அவன் பக்கம் திருப்பினான். "எனக்காகவாடா இப்படிப் பண்ணினே?"

"உனக்காக இல்லண்ணா" என்றான் சின்னவன். "மாமாகிட்ட சொன்னதையேதான் அம்மா நாளைக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்காங்க. போன மனுஷியைப் பொய்க்காரி ஆக்க வேண்டாம்."