பாதி பிஸ்கட்

முத்தம்மா சத்தமில்லாமல் போய்த் தம்பி சீனியின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

இன்று வாசலில் நின்று கூப்பிடவில்லை.

மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் வார்டு வாசலிலேயே நின்று குரல் கொடுப்பாள். "சீனீ… எங்க இருக்க?"

"இங்கதான்க்கா!" என்று உள்ளிருந்து பதில் வரும். அவள் கிட்டே போனதும் சட்டைப்பையிலிருந்து பாதி பிஸ்கட்டை எடுத்து நீட்டுவான். முந்தின நாள் தேநீரோடு கொடுத்ததில் அவளுக்கென்று மிச்சம் பிடித்தது.

ரப்பர் தோட்டத்தில் இருவரும் பால்மரம் வெட்டிப் பாலெடுத்த காலத்துக் கூப்பாடு அது. விடியுமுன் இருட்டில் ஆளுக்கொரு மர நிரையில் நடப்பார்கள். முகம் தெரியாது. பதில் குரல் வந்தால் ஆள் பத்திரம்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடுகள் வந்துவிட்டன. சீனிக்கு மட்டும் இன்னும் விடியவில்லை.

தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்கு வந்து இருபத்திரண்டு வருடம். யார் முகத்தையும் பார்க்க மாட்டான். தரையைத்தான் பார்ப்பான். அக்காவைக் குரலால் மட்டும்தான் அறிவான்.

அந்தக் குரலுக்குத்தான் இப்போது ஆபத்து.

அவள் கழுத்தில் தைராய்டுக் கட்டி. ஊசி குத்தி எடுத்துப் பார்த்தும் புற்றா இல்லையா என்று தெரியவில்லை. வெட்டி எடுத்துப் பார்த்தால்தான் தெரியுமாம். ஆனால் குரல் நரம்பை ஒட்டியே கட்டி வளர்ந்திருக்கிறது.

"பழைய குரல் இருக்கும்னு நான் பொய் சொல்ல மாட்டேன்மா," என்றார் ஈப்போவில் டாக்டர் மாதுமை. "காத்து மாதிரி ஆயிடலாம். ஆனா இத அப்படியே விடுறதும் பயமா இருக்கு."

நாளைக்குள் அறுவைக்குச் சம்மதம் சொல்லும் பாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். பாரம் கைப்பையில் இருந்தது.

விட்டுவிட்டால் செத்துப் போகலாம். பிறகு இவனைப் பார்க்க ஒருவரும் இல்லை. வெட்டிக்கொண்டால் உயிர் இருக்கும். இவனுக்கு அக்கா இருக்க மாட்டாள்.

மூன்று வாரமாக முருகனிடம் கேட்டாள். சாமி முன்னால் பூக்கட்டிப் போட்டுப் பார்க்கச் சொன்னாள் பக்கத்து வீட்டு நல்லம்மாள். சிவப்புப் பூ வந்தாலும் வெள்ளைப் பூ வந்தாலும் ஏதோ ஒன்று போகத்தானே போகிறது என்று முத்தம்மா கோயிலிலிருந்து திரும்பிவிட்டாள்.

அதனால்தான் இன்று இப்படி. குரல் போனாலும் இவன் தன்னை அறிவானா என்று பார்க்க, காற்றுக் குரலில் பேசிச் சமையலறையில் நான்கு நாள் பழகியிருந்தாள்.

தொண்டையை இறுக்கி, வெறும் காற்றாக, "சீனி, நல்லாருக்கியா?" என்றாள்.

அவன் அசையவில்லை.

இன்னொரு முறை கேட்டு, கையைத் தொட்டாள். அவன் மெல்லக் கையை இழுத்துக்கொண்டான்.

"என்னாம்மா, தொண்டைய பஸ்ஸுலயே விட்டுட்டு வந்துட்டீங்களா?"

வேற்றுப் பெண்ணிடம் பேசும் மரியாதை. பிறந்ததிலிருந்து அவளிடம் அவன் இப்படிப் பேசியதே இல்லை.

"நான்தான்டா. அக்கா."

"அக்கா இனிமேதான் வரும். வந்தா கூப்புடும்."

சொல்லிவிட்டு வாசல் பக்கம் காதைத் திருப்பி வைத்துக்கொண்டான்.

போதும் என்று தோன்றியது முத்தம்மாவுக்கு. பாரத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம். இருக்கிற வரை இந்தக் குரலோடு வந்து போகலாம். எழுந்தாள். அழக்கூடாது என்றுதான் இருந்தாள், மூக்கை உறிஞ்சிவிட்டாள்.

சீனி சட்டைப்பைக்குள் கைவிட்டான். பாதி பிஸ்கட்டை எடுத்து இரண்டாக உடைத்தான். தூள் மடியில் கொட்டியது. ஒரு துண்டை அவள் பக்கம் நீட்டினான்.

"அழுவாதீங்க லா. இத தின்னுங்க. மத்தது எங்க அக்காவுக்கு."

அதை வாங்கிக் கைக்குள் மூடிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். குழாயில் தண்ணீர் குடித்தாள். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சொந்தக் குரலில் கூப்பிட்டாள்.

"சீனீ… எங்க இருக்க?"

"இங்கதான்க்கா!"

கிட்டே போனதும் கை நீண்டது. கால் பிஸ்கட்.

"கொஞ்சமா இருக்கேன்னு கோவிச்சுக்காத. ஒரு அம்மா வந்துச்சு. பாவம், கொரலே இல்ல. அழுவுது. அதான் குடுத்தேன்."

முத்தம்மா துண்டை வாங்கிக்கொண்டாள். அவள் தின்றாளா என்று அவன் பார்க்க மாட்டான்.

"அந்த அம்மா அடுத்த வாரமும் வந்தா என்னா செய்வ?"

"வரட்டுமே. பெஞ்சி நீட்டாத்தானே இருக்கு. நீ கொஞ்சம் தள்ளி உக்காந்துக்க."

முத்தம்மா தள்ளி உட்கார்ந்தாள்.

நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு, பாரத்தை மடியில் விரித்துக் கையெழுத்துப் போட்டாள்.

பஸ் நிறுத்தத்தில் மைனாக்கள் பறந்து வந்து அவள் காலடியில் கூடின. அவளை அவற்றுக்கு நன்றாகத் தெரியும். இருபத்திரண்டு வருடமாக அந்தப் பாதி பிஸ்கட் அவற்றுக்குத்தான் போயிருக்கிறது. சட்டைப்பையில் கிடந்து வியர்வையில் நமுத்ததை அவள் ஒருநாளும் வாயில் வைத்ததில்லை.

இன்று மைனாக்களுக்கு ஒன்றும் விழவில்லை.

முதலில் அந்த அம்மாவின் துண்டைத் தின்றாள். பிறகு அக்காவின் துண்டை, மெல்ல மெல்ல, பஸ் வரும்வரை.