காதைக் கழற்றி வைத்தவள்

"பாத்தியாம்மா? நான் வந்து உட்காரக்கூட இல்ல. அதுக்குள்ள கழட்டிட்டா!"

பையை இறக்கி வைத்த கையோடு பெரியவள் ஆரம்பித்துவிட்டாள்.

தம்பி மனைவி, காதுக்குப் பின்னால் காந்தம் போல ஒட்டியிருந்த வட்டத்தை எடுத்து சார்ஜர் பெட்டிக்குள் வைத்து மூடினாள். துவைத்த துணிக் குவியலை இழுத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து மடிக்கத் தொடங்கினாள்.

முதுகுதான் தெரிந்தது.

"ஞாயிற்றுக்கிழமையானா இதே கூத்துதான். உன்னைக் கண்டதும் மூஞ்சியைத் திருப்பிக்கிறா," என்றாள் மாமியார்.

"மெதுவாம்மா."

"என்ன மெதுவா? அது பெட்டிக்குள்ள இருக்கிற வரைக்கும் இடி விழுந்தாலும் அவளுக்குக் கேட்காது."

மண்டைக்குள் ஒரு சில்லு, வெளியே இந்த வட்டம். இரண்டும் சேர்ந்தால்தான் மருமகளுக்குக் காது. கல்யாணமாகி வரும்போதே அதோடுதான் வந்தாள்.

"நமக்கெல்லாம் பிடிக்காத பேச்சு வந்தாலும் கேட்டுத்தானே ஆகணும்? மனுஷ ஜென்மம்னா அப்படித்தானே? இவளுக்கு மட்டும் வசதி. மாட்டினா உறவு, கழட்டினா செவிடு!"

"மனசுக்கும் ஒரு சுவிட்ச் வெச்சு அனுப்பிருப்பாங்கம்மா."

இருவரும் சிரித்தார்கள்.

கொஞ்ச நேரத்தில், வழக்கம்போல, பெரியவளின் சிரிப்பு அழுகையில் போய் நின்றது. அவள் வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். சாப்பாட்டைத் தட்டில் போட்டால் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுகிறாராம்.

"உன்கிட்ட வந்து கொட்டலைன்னா எனக்கு நெஞ்சே வெடிச்சிடும்மா."

மகளின் தலையைத் தடவிக்கொண்டே மாமியார் சுவர்ப்பக்கம் முறைத்தாள். "ஒருத்தி இங்க குலுங்கிக் குலுங்கி அழறா. திரும்பிப் பாக்குறாளா பாரு, கல்லு மாதிரி."

வந்த புதிதில் இப்படி இல்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை எதிரிலேயே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டு, இவர்களைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தபடி இருந்தாள். அன்றும் வட்டம் சார்ஜில்தான். அந்தத் தைரியத்தில்தான் பெரியவள் கேட்டாள்: "தம்பி கட்டிக்கிட்டு வந்தது பொண்ணா, பொம்மையா?"

மாமியாரும் சும்மா இருக்கவில்லை. "பொம்மைன்னா பழுதானா மாத்திக்கலாம். இதை எங்க கொண்டுபோய்க் கொடுக்கிறது?"

கண்ணில் நீர் வரும்வரை சிரித்த நாள் அது.

அப்புறம் மருமகளின் சுயரூபம் தெரிந்துவிட்டது. அடுத்த வாரம் பெரியவள் வந்ததும் எழுந்து உள்ளே போகப் பார்த்தாள். "வீட்டுக்கு வந்தவளை விட்டுட்டு அறைக்குள்ள போய் உட்காருவியா?" என்று மாமியார் போட்ட அதட்டலில் நின்றாள். அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்தச் சுவரும் முதுகும்.

இன்று பெரியவள் கிளம்பும்போது மருமகளின் தோளைத் தட்டிக் கையசைத்தாள். அப்போதுதான் மருமகள் திரும்பினாள்.

"அத்தை, பேசி முடிச்சாச்சா? நான் மாட்டிக்கட்டுமா?"

'என்ன நெஞ்சழுத்தம்!' என்று மாமியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாலைப் பிரார்த்தனையிலும் அதுதான். "ஆண்டவா, அவளுக்குக் காதைக் கொடுத்தே. கூடவே கொஞ்சம் மனுஷ மனசையும் கொடுத்திருக்கக் கூடாதா?"

லிஃப்ட் பழுதுபார்க்கப் போயிருந்த மகன் திரும்பி வந்தான், கையில் ஒட்டிய கிரீஸைக்கூடக் கழுவவில்லை. மாமியார் அவனை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் தனியா வீடு பாத்துக்கிட்டுப் போயிடுங்கப்பா. உங்க அக்கா வந்தா முதுகைக் காட்டுற மெஷினோட என்னால குடும்பம் நடத்த முடியாது."

மகன் நொந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அம்மா, அக்கா உன்கிட்ட மனசு விட்டுப் பேச வர்றா. அது அம்மாவுக்கும் பொண்ணுக்கும் நடுவுல உள்ளது, நான் கேட்கக் கூடாதுன்னுதான் கழட்டி வெக்கிறாளாம். எழுந்து போனா நீ திட்டுறே. வேற என்னதான் பண்ணுவா?"

"சரி, கழட்டி வெச்சா போதாதா? முகத்தையும் திருப்பிக்கணுமா?"

"போதாதும்மா."

"ஏன் போதாது?"

"இந்த மெஷின் வந்தது கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னாடிதான். அதுக்கு முன்னாடி அவ எப்படி இருந்தான்னு ஒரு நாளாவது நீ கேட்டியா? கண்ணுதான்மா அவளுக்குக் காது. உதடு அசைஞ்சா போதும், நீ முணுமுணுக்கிறதைக்கூட ஒரு வார்த்தை விடாம சொல்லிடுவா. 'காதைக் கழட்டிடலாம், கண்ணைக் கழட்ட முடியலையே'ன்னு சொல்லித்தான் சுவரைப் பாத்து உட்காருறா."

மாமியாரின் கை தானாக எழுந்து தன் உதட்டைப் பொத்தியது. பட்டாணி உரித்துக்கொண்டே பார்த்துப் பார்த்துச் சிரித்த அந்த முகம். அந்தச் சிரிப்பு எந்த வார்த்தையில் நின்றது? பார்த்த ஞாபகமே இல்லை. மாமியார்தான் அப்போது கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாளே.

"அப்போ... அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை..."

"முதல் ஞாயிறா? அன்னிக்கு என்னம்மா நடந்தது? அவ ஒண்ணும் சொல்லலையே."

தேநீரோடு வந்த மருமகள் இருவர் முகத்தையும் பார்த்தாள். டம்ளர்களை மேசைமேல் வைத்தாள். கை மெல்லக் காதுக்குப் பின்னால் போனது.

"தனியாப் பேசணுமா அத்தை? நான் கழட்டிடட்டுமா?"

இந்த முறை முகத்தைத் திருப்பிக்கொண்டது மாமியார்தான்.