எட்டாம் கேள்விக்குப் பூஜ்யம்

சோஷியல் வாத்தியார் சத்தியநாதன் மேல் எனக்கு நாலு புகார்கள் இருந்தன. நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

1957: எங்கள் தீப்பெட்டித் தொழிலாளர் சங்கத்தின் துண்டுப் பிரசுரத்தில் பதினேழு எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தி, செயலாளரான என் பெயருக்கே தபாலில் அனுப்பினார்.

1958: மே தினக் கூட்டத்துக்குப் பள்ளி மைதானம் கேட்டேன். பள்ளிக் கமிட்டித் தலைவரைக் கேட்கச் சொன்னார். கமிட்டித் தலைவர் யார்? நாங்கள் யாரை எதிர்த்துக் கூட்டம் போட இருந்தோமோ, அதே தீப்பெட்டி முதலாளி லட்சுமிகாந்தம்.

1959: வேலைநிறுத்த ஊர்வலத்தில் வந்த மாணவர்கள் அத்தனை பேருக்கும் ஆப்சென்ட் போட்டார்.

1961: ராமுத்தாயைப் பெயிலாக்கினார்.

முதல் மூன்றையும் பொறுத்தேன். நாலாவதைப் பொறுக்க முடியவில்லை.

ராமுத்தாய், லட்சுமிகாந்தத்தின் தொழிற்சாலையில் குச்சி அடுக்கும் பாலம்மாளின் மகள். எங்கள் தெருவிலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. வரை ஏறிய முதல் பெண்பிள்ளை. பாஸானால் டீச்சர் டிரெயினிங் போகலாம். இல்லாவிட்டால் தாய் பக்கத்தில் உட்கார்ந்து குச்சி அடுக்க வேண்டியதுதான்.

அரசுப் பரீட்சைக்குப் பெயர் அனுப்புமுன் பள்ளியில் ஒரு செலக்‌ஷன் பரீட்சை உண்டு. எல்லாப் பாடத்திலும் முப்பத்தைந்து வேண்டும். மற்றதிலெல்லாம் தேறிவிட்டாள். சோஷியலில் இருபத்தொன்பது.

எட்டாம் கேள்வி: 'உமது ஊரிலுள்ள அலுவலகம் ஒன்றின் பணிகளை விவரி.' பத்து மார்க்.

அலுவலகம் என்றால் ஆபீஸ் என்று வாத்தியார்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். அவர் வெளியூர், நாசரேத்துக்காரர். அவர் மனசில் இருந்தது தாலுகா ஆபீஸும் தபாலாபீஸும். எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு ஆபீஸ் என்றால் ஒன்றுதான், தீப்பெட்டி ஆபீஸ். தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

என்ன எழுதினாள் என்று பாலம்மாள் வந்து சொன்னாள். காலை ஆறு மணிக்கு உள்ளே போனால் ராத்திரி எட்டு மணிக்குத்தான் வெளியே விடுவது. குச்சி முனையில் மருந்து முக்கும் அறையில் பத்து வயசுப் பிள்ளைகள் நிற்பது. இன்ஸ்பெக்டர் வந்தால் அந்தப் பிள்ளைகளை மெழுகுக் கிடங்கில் பூட்டி வைப்பது. பூட்டுகிற மேஸ்திரியின் பெயர் உட்பட.

நான் நாலு வருஷமாகப் பிரசுரங்களில் எழுத முயன்றதை அந்தப் பிள்ளை ஒரே தாளில் எழுதிவிட்டது. அதற்குப் பூஜ்யம்.

பாலம்மாளையும் சாட்சிக்குச் சங்கத்து ஆட்கள் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

"கெஞ்சிக் கேப்போம்ணே. சண்டை வேண்டாம்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள் பாலம்மாள்.

"கெஞ்சவா? ஒம் மக எழுதுனதை ஞாயித்துக்கிழமை கூட்டத்துல வாசிக்கப் போறேன். அவ பேரோட."

அவள் நடையைத் தளர்த்தி எங்களுக்குப் பின்னால் போய்விட்டாள்.

ஹெட்மாஸ்டர் தேவாசீர்வாதம் விடைத்தாளைக் கொண்டுவரச் சொன்னார். சத்தியநாதன் கொண்டுவந்தார். எட்டாம் கேள்வி இருந்த தாளை மட்டும் காணோம். பிளேடால் அறுத்த தடம் இருந்தது.

"நல்லாப் பாத்துக்கிடுங்க" என்று சாட்சிகளுக்குக் காட்டினேன். "மொதலாளி கையில கொடுத்திட்டீகளோ, சார்? எம்புட்டுக்கு?"

அவருக்குக் கோபம் வரவில்லை.

"இல்லாத தாளுக்கு மார்க் போட முடியாது, செயலாளரே. தபாலாபீஸைப் பத்தி இப்பவே எழுதட்டும். நான் திருத்தலை. ஹெட்மாஸ்டரே திருத்தட்டும்."

ராமுத்தாயை வகுப்பிலிருந்து கூப்பிட்டார்கள். எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து எழுதினாள். ஹெட்மாஸ்டர் எட்டு மார்க் போட்டார். முப்பத்தேழு. பட்டியலில் பெயர் ஏறியது.

என் போராட்டத்துக்கு வெற்றி. ஆனாலும் விடவில்லை. 'மாணவியின் தாளை முதலாளிக்கு விற்ற வாத்தியார்' என்று ஐந்நூறு பிரசுரம் அடித்து ஊரெல்லாம் கொடுத்தேன். அதை அவர் திருத்தி அனுப்பவில்லை.

மூன்றாம் வாரம் மதுரையிலிருந்து ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வந்தார். வழக்கம்போல முன்னால் அவருக்குக் கலர் சோடா உடைத்தார்கள். பின்னால் பிள்ளைகளைப் பூட்டினார்கள். அவர் கலரைத் தொடவில்லை. நேரே மெழுகுக் கிடங்குக்குப் போய்ப் பூட்டைத் திறக்கச் சொன்னார். உள்ளே பதினொரு பிள்ளைகள்.

செய்தி கேட்டு நான் ஓடிப்போனபோது, லட்சுமிகாந்தம் எல்லோரையும் முற்றத்தில் நிறுத்தியிருந்தார். உள்ளே வேலை பார்க்கிற ஆள் சொல்லாமல் இது வெளியே போயிருக்காது. சொன்னவர் யாரோ, அவர் குடும்பத்தில் ஒருத்தருக்கும் இந்த வட்டாரத்தில் எந்த ஆபீஸிலும் இனி வேலை கிடையாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பார்வை வரிசையாக வந்து பாலம்மாளிடம் நின்றது. எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை அவள் வீட்டில்தானே இருக்கிறது.

அந்தத் தாள் என் கைக்குக் கிடைத்திருந்தால் அந்தப் பிள்ளையின் பெயரை நானே மைக்கில் சொல்லியிருப்பேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

இன்ஸ்பெக்டர் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். புகார் கொடுத்தவர் பெயரை நாங்கள் வெளியிடுவதில்லை, இவர் மட்டும் வெளியிடச் சொல்லிக் கேட்டிருக்கிறார் என்றார். பிறகு முற்றத்தில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"இதற்குத் தொழிலாளர் எவரும் பொறுப்பல்ல. விசாரித்ததும் எழுதியதும் நான் ஒருவனே. யார் மீதாவது சந்தேகம் எழுமானால், எல்லோர் முன்னிலையிலும் என் பெயரை உரக்க வாசிக்கவும். இப்படிக்கு, திரு. லட்சுமிகாந்தம் அவர்களைத் தலைவராகக் கொண்ட உயர்நிலைப் பள்ளியின் சமூகப் பாட ஆசிரியர், ஞா. சத்தியநாதன்."