ஜன்னலுக்கு நேராக ஓர் ஆட்டம்

"ஏனம்மிணி, உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா? கோழியெல்லாம் செத்துப்போயி, உம்புருசன் ரூமுக்குள்ள சுருண்டு கெடக்கறான். நீ களத்துல ஆட்டம் போடறே!"

மாமியார் வசந்தாமணி போட்ட சத்தத்தில், ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் நின்றுவிட்டார்கள்.

சௌந்தர்யா செல்போனில் பாட்டை நிறுத்தினாள். "ஷாலினி ஸ்கூல் ஆண்டு விழாவுக்குங்க அத்தை..."

"அப்ப ஸ்கூல்ல போய் ஆடுங்க. அவன் ஜன்னலுக்கு நேராவா ஆடோணும்?"

சௌந்தர்யா தலையைக் குனிந்துகொண்டாள்.

இந்தக் கோடையில் ஒரு மத்தியானம் கரண்ட் போய், ஷெட்டில் ஃபேன் நின்று, பண்ணைக் கோழிகள் மொத்தமும் வெக்கையில் செத்துப்போயின. அன்றைக்குத் தீவன ரூமுக்குள் போய்ப் படுத்தவன்தான் கதிர்வேல். சாப்பாட்டுத் தட்டு உள்ளே போகும், பாதி மிச்சத்தோடு வெளியே வரும். ஆள் வரமாட்டான்.

வசந்தாமணி தினமும் அந்தக் கதவைத் தட்டுவாள். "சாமி, வெளிய வா சாமி. ஊர்ல யாருக்குத்தான் நட்டம் வரல?"

கதவு திறக்காது.

"நான் தட்டித் தட்டிக் கையே வீங்கிப்போச்சு. கட்டினவ நீ, ஒரு நாளாவது அந்தக் கதவைத் தட்டியிருப்பியா? வாங்கன்னு ஒரு வார்த்தை கூப்பிட்டிருப்பியா?"

சௌந்தர்யா பிள்ளைகளை மறுபடி வரிசையாக நிறுத்தினாள். வசந்தாமணி முணுமுணுத்துக்கொண்டே களத்து ஓரத்தில் உட்கார்ந்தாள்.

சினிமாப் பாட்டு வேண்டாம், வெளியே காலம் கெட்டுக் கிடந்தாலும் மனசு உள்ளுக்குள்ளே வளர்வதை நவீன நடனமாகப் பண்ணித் தாருங்கள் என்று பள்ளியில் கேட்டிருந்தார்கள். சௌந்தர்யாவுக்கு முட்டைதான் தோன்றியது.

கதிர்வேலின் வெள்ளை வேட்டியைப் போர்த்திக்கொண்டு மகள் ஷாலினி முட்டையாகக் குறுகினாள். மற்ற பிள்ளைகள் சூறைக்காற்றாகச் சுற்றிச் சுழன்றார்கள்.

"சரிதா, இப்ப நீ போய் முட்டை ஓட்டைத் தட்டு. நல்லாப் பிச்சு எடு. குஞ்சு வெளிய வரட்டும்" என்றாள் சௌந்தர்யா. கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

சரிதா வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"அப்படிப் பண்ணாதே!"

ஜன்னலிலிருந்து கரகரப்பான குரல். வசந்தாமணி விருட்டென்று எழுந்தாள். சௌந்தர்யா கையைக் காட்டி அவளை நிறுத்தினாள்.

"வெளியிலிருந்து ஒடைச்சா குஞ்சு பொழைக்காது புள்ள."

"பின்னே எப்படிங்க வரும்?" சௌந்தர்யா திரும்பிப் பார்க்கவில்லை.

"அதுவாத்தான் உள்ளயிருந்து கொத்தோணும். நடுவுல சும்மா கெடக்கும். செத்துப்போச்சுன்னு நெனைப்பாங்க. சாகலை, மூச்சு வாங்கிட்டிருக்கும். மறுபடி திரும்பித் திரும்பிக் கொத்தும்."

"எனக்குப் புரியலீங்க. புள்ளைகளும் முழிக்குது பாருங்க."

உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம்.

தாடியும் கசங்கிய லுங்கியுமாக, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கதிர்வேல் வந்தான். மகளுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு வேட்டிக்குள் தலையை நுழைத்தான்.

"இப்படிச் சாமி. தலையை மெதுவாத் திருப்பு. அவசரப்படக்கூடாது."

"அப்பா, தாடி குத்துது!"

வேட்டிக்குள்ளிருந்து இரண்டு பேர் சிரிப்பும் கேட்டது.

வசந்தாமணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மருமகளிடம் வந்தாள். துடைத்து முடித்ததும் பழைய குரல் திரும்பிவிட்டது.

"ஏனம்மிணி, கெங்கவல்லியில உங்கப்பன் ஊட்டுல அடை வெச்சுக் குஞ்சு பொரிச்சு வளர்த்தவதானே நீ? முட்டையை வெளியிலிருந்து ஒடைக்கக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியுங்க அத்தை" என்றாள் சௌந்தர்யா, மெல்ல. "அதனாலதான் ஒரு நாளும் அந்தக் கதவை நான் தட்டலீங்க."